பில்பெரிச் செடியும் வீட்டுத் தோட்டமும்

வீட்டுத் தோட்டத்தில் ஒரு கனிச்செடி வைத்து வளர்ப்பது குடும்பத்துக்கு ஊட்டமும் மனத்துக்கு மகிழ்ச்சியும் தருவதாகும். இதனை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் செடியின் இயல்பையும் மண்ணின் இயல்பையும் ஒப்புநோக்காமல் வாங்கி நடுவோருக்குக் கிட்டுவது பெரும்பாலும் ஏமாற்றமே. அண்மைக் காலமாக நாற்றுப் பண்ணைகளிலும் இணைய விற்பனையிலும் நீலக்கனி தரும் அயல்நாட்டுச் செடிகள் கவர்ச்சியான வண்ணப்படங்களுடன் விலை கூறப்படுகின்றன. சங்கங்களுக்குச் செல்லுமிடத்து அங்கத்தினர் சிலர், "இதனை நம் வீட்டில் வளர்க்கலாமா? சங்கத்தின் வழியாக மொத்தமாக வாங்கினால் என்ன?" என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே. விடை கூறுமுன், அச்செடிகளுள் ஒன்றாகிய பில்பெரியின் பிறப்பிடம் யாது, அதன் தேவைகள் யாவை, அந்நாட்டார் அதனைத் தம் வீட்டுத் தோட்டத்தில் எவ்வாறு வளர்க்கின்றனர் என்பவற்றை அறிந்துகொள்ளுதல் வேண்டும். அதன்பொருட்டு எழுந்ததே இக்கட்டுரை.

செடியின் பிறப்பிடமும் தோற்றமும்

பில்பெரி, வட ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் ஊசியிலைக் காடுகளின் நிழலிலும் மரமற்ற மலைச்சரிவுகளிலும் தானாக வளரும் குறுஞ்செடியாகும். தாவர நூலார் இதனை வாக்சீனியம் மிர்ட்டில்லஸ் என்பர். ஸ்காட்லாந்தில் பிளேபெரி என்றும், பின்லாந்தில் முஸ்திக்கா என்றும் வழங்கப்படுகிறது. உயரம் அரை அடி முதல் இரண்டடி வரையில்தான் இருக்கும். தண்டு பசுமையாகவும் கோணங்கள் உடையதாகவும் காணப்படும். இலைகள் குளிர்காலத்துக்குமுன் உதிர்ந்துவிடும். இளவேனிலில் சிறு குடத்தைக் கவிழ்த்தாற்போன்ற, பசுமை கலந்த இளஞ்சிவப்புப் பூக்கள் இலைக்கக்கத்தில் ஒவ்வொன்றாகத் தோன்றும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கனி பழுக்கும்.

இதன் நெருங்கிய உறவாகிய அமெரிக்கப் புளூபெரியே நம் நகரக் கடைகளில் சிறு பெட்டிகளில் விற்கப்படுவது. இரண்டையும் பிரித்தறிவது எளிது. புளூபெரி கொத்தாகக் காய்ப்பது. அதனை இரண்டாக அறுத்தால் உட்சதை வெளிறியிருக்கும். பில்பெரியோ தனித்தனியாகக் காய்ப்பது. அதன் உட்சதையும் கருஞ்சிவப்பாக இருக்கும். நாவற்பழம் தின்ற குழந்தையின் நாவைப்போல, பில்பெரி தின்றவர் நாவும் விரலும் நிறம் ஏறிவிடும். விற்பவர் ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றைத் தருவது உண்டாதலின், இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் நன்று.

ஸ்வீடன், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகளில் காட்டுக்கனிகளைப் பறிக்கும் உரிமை எல்லா மக்களுக்கும் பொதுவாக உள்ளது. நிலம் பிறருடையதாயினும், வீட்டு முற்றத்தையும் பயிர் விளையும் வயலையும் விலக்கி, காட்டில் எவரும் சென்று பறிக்கலாம். சீப்புப்போன்ற பற்களையுடைய ஒரு சிறு முகவையால் செடியை வாரினால் கனிகள் மட்டும் உள்ளே விழும். பின்னர் தூற்றி இலைகளை நீக்குவர். அயர்லாந்தில் ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று இளைஞர் மலைமீது ஏறி இக்கனி பறிக்கும் வழக்கம் நெடுங்காலம் விழாவாகவே நடந்துவந்தது. ஸ்வீடனில் இக்கனியைக் கூழாகக் காய்ச்சிச் சூடாகப் பருகுவர். அங்கு நிகழும் வாசாலோப்பெட் என்னும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயத்தில் ஓடுவோருக்கு வழியில் வழங்கப்படுவது இக்கூழே.

காட்டில் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் செடியை வீட்டிற்குக் கொணர்ந்து பயிரிடுவது எளிதாக அன்றோ இருக்கவேண்டும்? உண்மை அவ்வாறில்லை. காட்டில் கேட்பாரின்றி வளரும் பில்பெரி, தோட்டத்தில் நல்ல உரமும் நல்ல மண்ணும் கண்டவுடன் நோயாளிபோல் வாடத் தொடங்கும். இதன் காரணத்தை அறிவதே இச்செடியின் சாகுபடியை அறிவதாகும்.

புளிப்பு மண்ணே இதன் உயிர்

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் பி.எச். என்னும் அளவால் குறிப்பர். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே செல்லச்செல்லப் புளிப்பு மிகும். மேலே செல்லச்செல்லக் காரம் மிகும். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிக்கும். அதாவது, 5 அளவுள்ள மண் 6 அளவுள்ள மண்ணைவிடப் பத்து மடங்கு புளிப்புடையது. நம் காய்கறிகளுட் பல 6 முதல் 7.5 வரையிலான மண்ணை விரும்புவன. பில்பெரி விரும்புவதோ ஏறக்குறைய 4 முதல் 5.5 வரை. நம் நாட்டில் இத்தகைய மண்ணை விரும்பும் பயிர் எது என்று கேட்டால், தேயிலையைச் சுட்டலாம்.

இலையும் பட்டையும் உதிர்ந்து பாதி மக்கிய நிலையில் கிடக்கும் காட்டுத் தரையில் உப்புச்சத்துகள் மிகக் குறைவு. அத்தகைய வறிய நிலத்தில் பிழைக்கும் பொருட்டு, பில்பெரியின் மயிரிழை போன்ற நுண்வேர்களுக்குள் ஒருவகை வேர்ப்பூசணம் குடியிருக்கிறது. மற்றச் செடிகளுக்கு உள்ள வேர்த்தூவிகள் இதற்கு இல்லை. அவற்றின் வேலையை இப்பூசணமே செய்கிறது. மக்கிலிருந்து தழைச்சத்தைப் பிரித்துச் செடிக்குத் தருகிறது. செடியோ அதற்கு ஈடாகச் சர்க்கரையைத் தருகிறது. ஒருவருக்கொருவர் துணையாகும் இவ்வொப்பந்தம் நடைபெறுவது புளிப்பு மண்ணில்தான்.

சுண்ணாம்புச் சத்து மிக்க மண்ணில் இச்செடியால் இரும்புச் சத்தைப் போதிய அளவு எடுத்துக்கொள்ள இயலாது. இலைகள் மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்கும். இதனைக் கண்ட தோட்டக்காரர், செடிக்கு உரம் போதவில்லை என்று கருதித் தொழு உரமும் அடுப்புச் சாம்பலும் இடுவார். கிணற்று நீரை மேலும் ஊற்றுவார். சாம்பல் காரமுடையது. ஆழ்கிணற்று நீரில் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்திருக்கும். ஆகவே அவர் அன்புடன் செய்த ஒவ்வொன்றும் செடியின் முடிவை விரைவுபடுத்துகிறது.

இவ்வுண்மையை ஆராய்ந்து நிலைநாட்டியவர் அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையில் தாவர அறிஞராக விளங்கிய ஃபிரெடரிக் கோவில் என்பவர். 1906இல் அவர் பில்பெரியின் உறவாகிய புளூபெரியைக்கொண்டு ஆராய்ச்சி தொடங்கினார். வளமான தோட்ட மண்ணில் செடி நலிவதையும், புளிப்பு மிக்க மக்கில் செழிப்பதையும் கண்டு, 1910இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அன்றியும், குளிர்காலக் குளிரைப் பெறாமல் வெப்பமான கண்ணாடிக்கூண்டில் வைக்கப்பட்ட செடிகள் மறு பருவத்தில் முறையாகத் தளிர்ப்பதில்லை என்பதையும் அவர் 1920இல் எடுத்துக்காட்டினார். புளிப்பு மண், குளிர்கால உறக்கம் ஆகிய இவ்விரண்டும் இக்குடும்பச் செடிகளுக்கு இன்றியமையாதவை என்பது அன்றுமுதல் தெளிவாயிற்று.

நடவு

இங்கிலாந்திலோ ஸ்வீடனிலோ தன் வீட்டில் பில்பெரி வளர்க்க விரும்புவோர் முதலில் செய்வது மண் பரிசோதனை. மண் இயல்பாகவே புளிப்புடையதாயின் பாதி வேலை முடிந்தது. சற்றே நடுநிலையை நெருங்கியதாயின், நடவுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே கந்தகத் தூளைக் கலந்து வைப்பர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை மெல்லமெல்ல அமிலமாக மாற்றும். மண் சுண்ணாம்பு மிக்கதாயின் அதனை மாற்ற முயல்வது வீண். எவ்வளவு கந்தகம் இட்டாலும் கீழிருந்து சுண்ணாம்பு வந்து அதனை ஈடுசெய்துவிடும். அத்தகைய இடத்தில் தொட்டியிலோ, தரைக்குமேல் கட்டிய பாத்தியிலோ புளிப்பு மக்கை நிரப்பி நடுவதே முறை.

முற்காலத்தில் இதற்குப் பீட் எனப்படும் சதுப்புநில மக்கையே பயன்படுத்தினர். அச்சதுப்பு நிலங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரியைத் தம்முள் அடக்கிவைத்திருப்பவை. அவற்றைத் தோண்டுவது நிலத்துக்கும் காற்றுக்கும் கேடு என்று உணர்ந்தமையால், இன்று பைன் மரப்பட்டைத் துண்டுகள், மக்கிய ஊசியிலை, மணல் ஆகியவற்றின் கலவையை நாடுகின்றனர்.

வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வதால் பாத்திக்கு ஓரடி ஆழம் போதும். அகலமே முக்கியம். இலையுதிர் காலத்திலோ இளவேனில் தொடக்கத்திலோ ஓரடி முதல் ஒன்றரையடி இடைவெளியில் நடுவர். கிழங்கு போல மண்ணுக்குள் ஊர்ந்து செல்லும் அடித்தண்டிலிருந்து புதிய கிளைகள் தோன்றி, சில ஆண்டுகளில் பாத்தி முழுவதும் பாய் விரித்தாற்போல் நிறையும். விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் கனி காண நெடுநாள் பொறுத்திருக்கவேண்டும். ஆதலின் அடித்தண்டைப் பிரித்தோ, நாற்றுப் பண்ணையில் வேரூன்றிய செடியை வாங்கியோ நடுவதே வழக்கம்.

ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்தவற்றை மட்டும் நடுவதினும், வெவ்வேறு மூலத்திலிருந்து வந்த செடிகளைக் கலந்து நடுதல் நலம். அயல் மகரந்தம் கிடைக்கும்போது காய்ப்பிடிப்பு மிகுகிறது. இவ்வேலையைச் செய்பவை பெருந்தேனீக்களும் தேனீக்களும் ஆகும். எனவே பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து தெளித்தல் ஆகாது. பகுதி நிழலில் செடி வாழுமாயினும், வெயில் படும் இடத்திலேயே கனி மிகுதி.

நீரும் உரமும் காவலும்

இச்செடிக்கு மழைநீரே உகந்தது. ஆகவே கூரைநீரைப் பீப்பாயில் பிடித்துவைத்து ஊற்றுவர். மண் எப்போதும் ஈரமாக இருத்தல் வேண்டும். ஆனால் நீர் தேங்குதல் கூடாது. பைன் ஊசியிலையையோ மரப்பட்டையையோ இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு மேலே பரப்பிவைத்தால், ஈரம் காக்கப்படுவதோடு களையும் அடங்கும். ஆண்டுதோறும் இம்மூடாக்கைப் புதுப்பித்தல் வேண்டும்.

உரம் மிகக் குறைவாகவே தேவை. இடுவதாயின் இளவேனிலில் சிறிதளவு அம்மோனியம் சல்பேட் இடலாம். இது தழைச்சத்தைத் தருவதோடு மண்ணின் புளிப்பையும் காக்கும். நைட்ரேட் வகை உரங்கள் இக்குடும்பச் செடிகளுக்கு ஏற்பதில்லை. சாம்பல், சுண்ணாம்பு, கோழி எரு மூன்றையும் அறவே விலக்குதல் வேண்டும்.

முதற் சில ஆண்டுகள் கவாத்துத் தேவையில்லை. பின்னர், குளிர்கால முடிவில், முதிர்ந்த கிளைகளை அடியோடு வெட்டிவிட்டால் அடித்தண்டிலிருந்து புதுக் கிளைகள் எழும். காட்டுத்தீயில் மேற்பகுதி கருகினாலும் இச்செடி மீண்டும் தளிர்ப்பது இவ்வியல்பினாலேயே. பூத்தபின் பனி விழுமாயின் அவ்வாண்டு விளைச்சல் குன்றும். ஆதலால் அவ்விரவுகளில் மெல்லிய துணியால் மூடுவர். கனி நிறம் மாறும் வேளையில் பறவைகள் முந்திக்கொள்ளும். அதற்கு வலை கட்டுவதே தீர்வு.

இத்தனையும் செய்தபின் கிடைக்கும் கனி எவ்வளவு? ஒரு செடியில் கையளவுக்கு மேல் எதிர்பார்த்தல் இயலாது. ஒரு குடும்பத்துக்குப் பயன்பட வேண்டுமாயின் ஒரு பாத்தியே வேண்டும். இக்காரணத்தாற்றான் பில்பெரி பெருந்தோட்டப் பயிராகாமல் இன்றும் பெரும்பாலும் காட்டுக்கனியாகவே இருந்துவருகிறது.

இக்கனியைப் பற்றிய ஒரு கதையையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். இரண்டாம் உலகப் போரில் ஆங்கில விமானிகள் இரவில் கண் நன்கு தெரியும்பொருட்டுப் பில்பெரிப் பாகு உண்டனர் என்பர். அதன்பேரில் இன்றும் மருந்துக் கடைகளில் பில்பெரி மாத்திரைகள் விற்கப்படுகின்றன. பின்னர் முறையாக நடத்திய சோதனைகள் இரவுப் பார்வை பற்றிய அக்கூற்றை மெய்ப்பிக்கவில்லை. கண்ணில் குறையிருப்பின் கண் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

நெசவாளர் அறியத்தக்கது

நாவில் ஏறும் நிறம் நூலிலும் ஏறுமன்றோ என்று நம் நெசவாள அன்பர்கள் நினைக்கக்கூடும். ஏறும். ஐரோப்பியக் கிராமங்களில் கம்பளி நூலைப் படிகாரத்தில் ஊறவைத்து, இக்கனிச்சாற்றில் காய்ச்சி ஊதா நிறம் பெற்றனர். இரும்பு உப்பைச் சேர்த்தால் நிறம் சாம்பல் நீலமாக மங்கும்.

ஆனால் இந்நிறத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, வெயிலில் வெளுத்துவிடும். இரண்டாவது, புளிப்பில் சிவந்தும் காரத்தில் நீலமும் பச்சையுமாகத் திரிந்தும் போகும். சவர்க்காரமும் சலவைச் சோடாவும் காரமுடையவை. எனவே முதல் வெளுப்பிலேயே புடவையின் நிறம் மாறிவிடும். சாயவேரும் அவுரியும் கையாண்டு, தலைமுறை கடந்தும் நிறம் நிற்கும் துணிகளைத் தந்த நாட்டில் தொழில் செய்யும் நமக்கு இது போதாது. குழந்தைகள் வெள்ளைத் துணியில் நிறமேற்றி விளையாடலாம். விற்பனைத் துணிக்கு இது சாயமன்று. கடைத்தெருவில் "இயற்கைப் பெரிச் சாயம்" என்று எவரேனும் விலை கூறின், ஒரு கழி நூலுக்கு ஏற்றி, பாதியை வெயிலிலும் பாதியைச் சோடா நீரிலும் வைத்துப் பார்த்தபின் பேசுக.

கூட்டுறவால் விளைந்த பயிர்

பில்பெரி காட்டுக்கனியாகவே நின்றுவிட, அதன் உறவாகிய புளூபெரி உலகச் சந்தையை அடைந்தது எவ்வாறு என்பது கூட்டுறவாளர் அனைவரும் அறியத்தக்க வரலாறாகும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில், ஒயிட்ஸ்பாக் என்னும் ஊரில் கிரான்பெரி பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர் எலிசபெத் ஒயிட் அம்மையார். அவர் கோவிலின் நூலை 1911இல் படித்துவிட்டு, ஆராய்ச்சிக்குத் தம் நிலத்தைத் தர முன்வந்தார். நல்ல செடி எங்கிருக்கிறது என்பது நூலறிஞருக்குத் தெரியாது. காட்டிற் பழம் பறித்துப் பிழைக்கும் ஏழை மக்களுக்கே தெரியும் என்பதை அவ்வம்மையார் உணர்ந்தார். அவர்களிடம் ஓர் அங்குலத்தை எட்டாக வகுத்து அதில் ஐந்து பங்களவு துளையிட்ட அளவுகோலைக் கொடுத்து, அத்துளையில் நுழையாத பெரிய கனி தரும் செடியைக் கண்டு சொல்வோருக்குப் பணம் தந்தார். கண்டவர் பெயரையே செடிக்கும் சூட்டினார். ரூப் லீக் என்பவர் கண்ட செடி "ரூபெல்" என்னும் பெயருடன் இன்றும் பயிராகிறது. அச்செடிகளை ஒன்றோடொன்று கலந்து கோவில் புதிய வகைகளை உண்டாக்கினார். 1916இல் முதல் அறுவடை விற்பனைக்குச் சென்றது. 1927இல் அம்மையாரின் முயற்சியும் சேர, நியூ ஜெர்ஸிப் புளூபெரி விவசாயிகள் தமக்கெனக் கூட்டுறவுக் கழகம் ஒன்றை அமைத்துக்கொண்டனர்.

அறிஞரின் ஆராய்ச்சி, காட்டு மக்களின் பட்டறிவு, நிலமுடையவரின் துணிவு, விற்பனைக்குக் கூட்டுறவு ஆகிய நான்கும் கூடியதனால் விளைந்தது அப்பயிர். நான்கில் முதலாவது மண்ணைப் பற்றிய அறிவு என்பதை மறத்தலாகாது. அஃது இல்லாதிருப்பின் மற்ற மூன்றும் பயனற்றுப் போயிருக்கும்.

நம் நாட்டில் இயலுமா?

இனி, அங்கத்தினர் கேட்ட வினாவுக்கு வருவோம். நம் சமவெளியில் குளிர்காலம் என்று பெயரளவில் உள்ளதேயன்றி, இச்செடியை உறங்கவைக்கும் குளிர் இல்லை. கரிசல் நிலத்திலும் சுக்கான் நிலத்திலும் சுண்ணாம்பு மிகுதி; ஆழ்கிணற்று நீரும் பல ஊர்களில் அத்தகையதே. ஆதலின் சமவெளி வீடுகளில் பில்பெரி நடுவது பணத்தை மண்ணில் புதைப்பதேயாம். தொட்டியில் புளிப்பு மக்கு நிரப்பி மண்குறையைத் தீர்த்தாலும், குளிரை விலைக்கு வாங்க இயலாது.

மலைநாட்டு அன்பர்கள், "எங்கள் ஊரில் தேயிலை விளைகிறதே, உறைபனியும் விழுகிறதே" என்று கேட்கலாம். நீலகிரியின் மண் புளிப்புடையது என்பது உண்மை. அங்குள்ள சோலைக்காடுகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறுமரம் இயற்கையாகவே வளர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவர அறிஞர் லெஷெனோவின் பெயரால் அது வாக்சீனியம் லெஷெனோல்டி எனப்படுகிறது. அதன் சிறு கனியும் உண்ணத்தக்கதே. ஆயினும் அங்கு உறைபனி விழும் இரவை அடுத்து வரும் பகலில் வெயில் ஏறிவிடுகிறது. வட ஐரோப்பாவைப்போலத் தொடர்ந்து பல மாதம் குளிர் நிற்பதில்லை. எனவே பில்பெரியைவிட, குறைந்த குளிரே போதுமென வளர்த்தெடுக்கப்பட்ட புளூபெரி வகைகளைச் சிறிதளவில் சோதித்துப் பார்ப்பதே அங்குத் தகும். சோலைக்காட்டுச் செடியைத் தோண்டி வருதல் எவ்வகையிலும் ஆகாது. அது குற்றமும் ஆகும்.

சமவெளி அன்பர்கள் மனந்தளர வேண்டுவதில்லை. கருநீலக் கனியும், குறுஞ்செடியும், வேலிப் பயனும் ஒருங்கே வேண்டுவோருக்குக் களாச்செடி இருக்கிறது. அது வறட்சியைத் தாங்கும். எளிய மண்ணிலும் வளரும். இரண்டு மூன்றடி இடைவெளியில் வரிசையாக நட்டால், முள்ளடர்ந்து ஆடு மாடு நுழையாத வேலியாகும். விதை விரைவில் முளைப்புத்திறனை இழப்பதால், பழத்திலிருந்து எடுத்தவுடன் விதைத்தல் வேண்டும். காய் ஊறுகாய்க்கும், பழம் பாகுக்கும் உதவும். அரிநெல்லியும் வீட்டு முற்றத்துக்கு ஏற்றதே. இவற்றின் நாற்று விலையோ மிகச் சிறிது.

சங்கத்தார் கவனத்துக்கு

புதிய செடி எதுவாயினும், சங்கத்தின் வழியாக வாங்குமுன் நிர்வாகக் குழுவினர் மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். முதலாவது, நடவிருக்கும் இடத்தின் மண்ணையும் நீரையும் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்தல். 2015 முதல் மண் வள அட்டைகள் வழங்கப்பட்டு வருகின்றன. அட்டை பெற்றுள்ளவர் அதனை எடுத்துப் பார்த்தாலே பி.எச். அளவு தெரிந்துவிடும். இரண்டாவது, செடியின் வகைப்பெயர், அதற்கு வேண்டிய மண், வேண்டிய குளிர் ஆகியவற்றை விற்பவரிடம் எழுத்தில் பெறுதல். எழுதித்தரத் தயங்குபவரிடம் வாங்கத் தயங்குக. மூன்றாவது, சில செடிகளை மட்டும் ஒரு பாத்தியில் நட்டு, இரண்டு முழு ஆண்டுகள் அங்கத்தினர் அனைவரும் காணும்படி வளர்த்துப் பார்த்தல். அவ்விடத்துக் கோடையையும் மழையையும் இருமுறை கடந்து நின்ற செடியையே நம்புதல் தகும்.

தனி ஒருவர் ஒரு செடியை இழந்தால் அது அவர் வீட்டு நட்டம். சங்கம் நூறு செடிகளை வாங்கி இழந்தால் அது நூறு குடும்பங்களின் சேமிப்பு. அதனினும் மேலாகச் சங்கத்தின்மீது அவர்கள் வைத்த நம்பிக்கை. செடியை மீண்டும் நடலாம். அந்நம்பிக்கையை மீண்டும் நடுவது எளிதன்று. ஆகவே புதிய நாற்றுக்கான கோரிக்கை நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, விலைப்பட்டியலோடு மண் பரிசோதனை முடிவையும் இணைத்து வைக்கும் வழக்கத்தைச் சங்கங்கள் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.